பிறந்த வீட்டுக் கோடி

"இந்தக் கலரை இதுக்கு யாரும் எடுக்க மாட்டாங்கம்மா" என்றார் கடைக்காரர். "செவப்பு எடு. அரக்கு எடு. பச்சைகூட எடுக்கறாங்க. ஆரஞ்சு நான் பாத்ததில்ல."

குணசுந்தரி காதில் விழாதவள் போல அடுக்கிலிருந்து இன்னொரு புடவையை உருவினாள். அதுவும் ஆரஞ்சுதான். கரை மட்டும் பச்சை. முதலில் எடுத்ததே தேவலை என்று பட்டது.

ஊத்துக்கோட்டை பஜாரில் அந்நேரத்துக்கு டீக்கடையைத் தவிர எதுவும் திறக்கவில்லை. வேன் டிரைவர்தான் துணிக்கடைக்காரரின் வீட்டுக் கதவைத் தட்டி, எதற்கென்று சொல்லாமல் கூட்டி வந்திருந்தான். ஷட்டரைத் தூக்கிய பிறகுதான் அவர் வேனுக்குள் இருந்த மாலைகளையும், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குந்தியிருந்த பெரியவரையும் பார்த்தார். நாளின் முதல் போணி சாவுக்கு. மனிதர் முகம் சுண்டிப்போனாலும் ஷட்டரை இறக்கவில்லை. சாமி படத்துக்கு எடுத்த ஊதுபத்தியை மட்டும் ஏற்றாமல் மேசைமேல் வைத்துவிட்டார். இவர்கள் போனதும் ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார்.

"வயசானவங்களா?"

"முப்பத்தி மூணு."

அவர் புடவையைக் கவரில் போட்டு, இரண்டு கையாலும் கொடுத்தார்.

செத்துப்போனது வினோதா, குணசுந்தரியின் புருஷன் வெங்கடேசனுக்கு ஒரே தங்கச்சி. பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று விடிவதற்கு முன் பொதட்டூர்பேட்டைக்குப் போன் வந்தது. கட்டிக்கொடுத்த பெண் செத்தால் அவள் உடம்பில் கடைசியாக விழ வேண்டிய துணி பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும். கோடி என்பார்கள். அது விழாமல் பிணத்தைத் தூக்க மாட்டார்கள். எத்தனை அவசரமானாலும், எத்தனை பெரிய மனிதர் வீடானாலும் காத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். வினோதா உயிரோடு இருந்தவரை பிறந்த வீட்டுக்கு அந்த வீட்டில் இவ்வளவு மரியாதை இருந்ததாக குணசுந்தரிக்கு ஞாபகம் இல்லை.

வாசலில் வெங்கடேசன் போனில் பேசிக்கொண்டிருந்தான். "ஊத்துக்கோட்டை தாண்டிட்டோம் சித்தப்பா. தோ, வந்துகினே இருக்கோம்" என்று ஊத்துக்கோட்டையில் நின்றபடி சொன்னான்.

"யாரு?" என்றாள்.

"மாப்ளையோட சித்தப்பா. தணிகாசலம். மழை வர மாதிரி கீதாம். எல்லாம் ரெடியாம். நம்ம கோடிக்குத்தான் வெயிட்டிங்காம்."

"எல்லாம்னா?"

"எனக்கு இன்னா தெரியும்? ஏறு வண்டில."

வேன் கிளம்பியது. முன் சீட்டில் மாமனார் ரங்கசாமி மாலைகளை மடியில் வைத்து அணைத்துப் பிடித்திருந்தார். போன் வந்ததிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னால் சொந்தத்துப் பெண்கள் நாலைந்து பேர் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தார்கள்.

குணசுந்தரி போனை எடுத்து அந்தப் போட்டோவைத் தேடினாள். போன வாரம் வினோதா அனுப்பியது. தேர்வாய் கண்டிகையில் அவள் வேலை செய்த கம்பெனியில் ஒரு விழா. பெண்களை அடிக்காதே என்று உலகம் முழுக்கச் சொல்கிற நாளாம். அன்று சாயந்திரம் போன் செய்து ஒரே சிரிப்பு.

"அண்ணி, ஒலகம் பூரா இன்னிக்கி ஆரஞ்சு கலர்ல போட்டுப்பாங்களாம். ஆப்பிரிக்கா, அமெரிக்கால எல்லாம்."

"அங்கல்லாம்கூட அடிக்கிறானுங்களா?"

"அடிக்கிறதாலதான அண்ணி, டே வெச்சிருக்காங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் வினோதாதான் பேசினாள். "எல்லாரும் ஆரஞ்சு போட்டுக்கினு வந்தாளுங்க. என்னாண்ட ஒண்ணுகூட இல்ல. ரிப்பன் குத்திக்கினு நின்னேன்."

"பொங்கலுக்கு நான் எடுத்துத் தர்றேன், போ."

போட்டோவில் வினோதா முன்வரிசையில் நின்றாள். கையில் ஒரு அட்டை. 'பெண்கள் மீதான வன்முறையை ஒழிப்போம்.' அதன் அடியில் உதவிக்கு அழைக்க ஒரு நம்பர். சுற்றிலும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிற பெண்கள். எல்லோரையும்விட அவள் சிரிப்புத்தான் பெரிது. கம்பெனிக் கோட்டின் கையை மணிக்கட்டு வரைக்கும் இழுத்து விட்டிருந்தாள். குணசுந்தரி அந்த முகத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பெரிதாக்கினால் சிரிப்பு புள்ளிபுள்ளியாகப் போய்விட்டது.

இரண்டு தடவை வினோதா பையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். இரண்டு தடவையும் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். அவள் புருஷன் மதிவாணன் தலையைக் குனிந்துகொண்டு இனி குடிக்க மாட்டேன் என்றான். அப்பாவும் அண்ணனும் ஆப்பிளும் பூவும் வாங்கிக்கொண்டு போய் அவளைத் திரும்பவும் கொண்டுவிட்டார்கள். மூன்றாவது தடவை ஆடிக் கிருத்திகைக்கு வந்தபோது பை இல்லை. முழங்கைக்கு மேலே பச்சையாகக் கன்றிப் போயிருந்தது. கேட் இடித்துவிட்டது என்றாள். திருத்தணி மலையில் காவடிக் கூட்டத்தில் யாரோ மேலே இடித்தபோது, கன்றாத கையையும் சேர்த்து மார்போடு ஒடுக்கிக்கொண்டதை குணசுந்தரி பார்த்தாள்.

வேன் தார்ச்சாலையை விட்டு இறங்கியது. தூரத்தில் கம்பெனிகளின் நீலக் கூரைகள். இந்தப் பக்கம் நாற்று நட்ட வயலில் மழைத்தண்ணீர் நின்றது. மேளச் சத்தம் வந்ததும் பின்னால் இருந்த பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டார்கள்.

பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, ஐஸ் பெட்டி, பூப்பல்லக்கு. தணிகாசலம் சொன்னது உண்மைதான், எல்லாம் ரெடியாக இருந்தது. வினோதாவின் மாமியார் புவனேஸ்வரி ஓடிவந்து குணசுந்தரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள். "பாத்ரூம்ல வழுக்குச்சே, என் மருமவள வாரிக்கினு போச்சே!" தூணோரம் மதிவாணன் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். அந்த அழுகை நடிப்பில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

பெட்டிக்குள் வினோதா கல்யாணப் பட்டில் படுத்திருந்தாள். முகம் முழுக்க மஞ்சள். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். தாடை வரைக்கும் ஏற்றிப் போட்ட சாமந்தி மாலை. தலை வாரி, ஈரம் காயாமல், மல்லிகை வைத்திருந்தார்கள்.

குணசுந்தரியின் அழுகை நின்றுவிட்டது.

"குளிப்பாட்டிட்டீங்களா?"

புவனேஸ்வரி மூக்கைத் துடைத்தாள். "மழை வர மாதிரி இருந்துச்சும்மா, அதான்..."

"நாங்க வர்றதுக்கு முன்னாடியா?"

அவள் சத்தமாகக் கேட்கவில்லை. ஆனால் வேனில் வந்த பெண்கள் ஒப்பாரியைப் பாதியில் நிறுத்தினார்கள். ஊர்ப்பெண்கள் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கட்டிக்கொடுத்த பெண்ணின் உடம்பில் பிறந்த வீட்டு எண்ணெயும் சீயக்காயும் பட்ட பிறகுதான் தண்ணீர் ஊற்றுவார்கள். சண்டை போட்டு வருஷக்கணக்காகப் பேச்சில்லாத வீடுகளில்கூட அதற்குக் காத்திருப்பார்கள். அவசரத்தில் இந்த வீடு அதை மறந்துவிட்டது. இல்லை, மறக்கவில்லையோ என்னவோ.

சடங்கு செய்ய வந்திருந்த துளசிராமன் கையைப் பிசைந்தார். "நான் வர்றதுக்குள்ளயே முடிச்சிட்டாங்கம்மா. எண்ணெயாவது தொட்டு வெச்சிடுங்க. இல்லாட்டி மொறை ஆவாது."

"அதெல்லாம் எதுக்கு இப்போ?" என்றார் தணிகாசலம். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் இரண்டு போன். "டயம் ஆவுது."

"மொறைன்னு ஒண்ணு கீதுங்களே" என்றார் துளசிராமன். சுற்றி நின்ற பெண்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். பெட்டியைத் திறக்க வேண்டியதாயிற்று. நாலு பக்கமும் பெண்கள் புடவையை விரித்து மறைப்புக் கட்டினார்கள்.

குணசுந்தரி கொண்டுவந்த எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி வினோதாவின் உச்சந்தலையில் வைத்தாள். பெட்டியின் குளிர் கையில் ஏறியது. விரல்கள் தானாகப் பின்பக்கம் போயின. எண்ணெய் தேய்த்துவிடும்போது போகிற பழக்கம். காதுக்குப் பின்னால் எலும்பு இருக்க வேண்டிய இடம் மெத்தென்று இருந்தது. அவள் கையை எடுத்தாள். பிறகு மாலையை மெதுவாகக் கீழே இறக்கினாள்.

கழுத்தில் மஞ்சளை அப்பியிருந்தார்கள். மஞ்சளுக்கு அடியில் கறுப்பாக ஒரு பக்கம் நாலு விரல், மறுபக்கம் கட்டைவிரல். எந்தப் பக்கம் நின்று பிடித்த கை என்றுகூடத் தெரிந்தது. பாத்ரூம் தரைக்கு விரல் கிடையாது.

அடிவயிற்றிலிருந்து கத்தல் எழுந்து தொண்டை வரைக்கும் வந்தது. அவள் விழுங்கினாள். இப்போது கத்தினால் கூட இருக்கிற பத்துப் பேரும் கத்துவார்கள். சாவு வீட்டில் கத்தலுக்கு என்ன குறை? அதுவும் ஒப்பாரியோடு சேர்ந்துவிடும். மேளம் அடிப்பார்கள், தூக்கிக்கொண்டு போய் எரித்துவிடுவார்கள். எரித்த பிறகு எதைக் காட்டிக் கேட்பது? மாலையைப் பழையபடி தாடை வரைக்கும் ஏற்றிவிட்டு, கை கழுவ வீட்டுப் பின்பக்கம் போனாள்.

குழாயடியில் கம்பெனிக் கோட்டோடு ஒரு பெண் நின்றிருந்தாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் ஆரஞ்சு ரிப்பன்.

"நீங்க குணா அண்ணிதான?" என்றாள். "நான் ஜெனிபர். வினோதாவும் நானும் ஒரே லைன்ல வேல செய்றோம். உங்களப் பத்தித்தான் எப்பப் பாத்தாலும் பேசுவா." சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணி, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கி ஃபங்ஷன்ல அட்டைல ஒரு நம்பர் போட்டிருந்துச்சில்ல? நூத்தி எம்பத்தொண்ணு. அதுக்குப் போட்டா யாரு எடுப்பாங்க, ஆம்பளயா பொம்பளயான்னு கேட்டா."

"நீ இன்னா சொன்ன?"

"எனக்கு இன்னா அண்ணி தெரியும்? போட்டுப் பாத்தாத்தான் தெரியும்னு சொல்லிச் சிரிச்சேன். அவளும் சிரிச்சா. ஆம்பள எடுத்தா இன்னான்னு சொல்றதுன்னா."

"போட்டாளா?"

ஜெனிபர் உதட்டைப் பிதுக்கினாள். கண்ணீர் அட்டைமேல் விழுந்தது.

வைக்கோல் போருக்கு அந்தப் பக்கம் போய் குணசுந்தரி அந்த நம்பரை அழுத்தினாள். எண்ணெய்க் கை வழுக்கியது. ஏதேதோ பாட்டு ஓடியது. பிறகு ஒரு குரல் வணக்கம் சொன்னது. பெண் குரல்.

அதைக் கேட்டதும் அவள் அப்படியே குந்திவிட்டாள்.

"சொல்லுங்கம்மா. லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேங்க. ஒண்ணு கேக்கணும். செத்துப்போனவங்களுக்கு இந்த நம்பர்ல பேசலாங்களா?"

"பேசுங்கம்மா" என்றது குரல், முன்னைவிட மெதுவாக.

பேசினாள். பெயர், ஊர், தலையில் மெத்தென்று பட்டது, கழுத்தில் பார்த்தது எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண் திருப்பித் திருப்பிக் கேட்டு எழுதிக்கொண்டாள். "ஸ்டேஷனுக்கு நாங்க சொல்றோம். போலீஸ் வர்ற வரைக்கும் பாடிய எடுக்க விடாதீங்க. முடியுமாம்மா உங்களால?"

குணசுந்தரி கையிலிருந்த கவரைப் பார்த்தாள். "முடியுங்க" என்றாள்.

அவள் திரும்பி வந்தபோது மேளம் உச்சத்தில் இருந்தது. பூப்பல்லக்கைப் பந்தலுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். துளசிராமன் கையைத் தூக்கி மேளத்தை நிறுத்தினார். "பொறந்த ஊட்டுக் கோடி வரட்டும்!"

குணசுந்தரி பெட்டியின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். புடவைக் கவரை மடியில் வைத்து அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

"கோடி குடும்மா" என்றார் துளசிராமன்.

"இல்லீங்க."

"எடுத்தாரலியா?"

"எடுத்தாந்திருக்கேன். குடுக்க மாட்டேன்."

ஐஸ் பெட்டியின் மோட்டார் சத்தம் அப்போதுதான் எல்லோருக்கும் கேட்டது. தணிகாசலம் நாற்காலிகளை விலக்கிக்கொண்டு வந்தார். "இன்னாம்மா வெளயாடறியா? கோடி போடாம எப்டி எடுக்கறது?"

"எடுக்காதீங்க."

"பொண்டாட்டி செத்து ஒருத்தன் அங்க உழுந்து கெடக்கறான். நீ இன்னா பேஜாரு பண்ணிகினு கீற? எங்க ஊட்ல இல்லாத பொடவையா? புவனா, நல்ல பட்டா ஒண்ணு எடுத்தா."

"நீங்க போட்டா அது கோடி ஆவாதுங்க" என்றார் துளசிராமன் தரையைப் பார்த்துக்கொண்டு. அவருக்குத் தன் தொழில் தெரியும், அவ்வளவுதான். வேறு எதிலும் அவர் தலையிட விரும்பவில்லை என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

ஊர்ப்பெண்களில் ஒருத்தி, கோடி விழாமல் எடுத்தால் அந்த வீட்டில் அடுத்தது விழும் என்று சத்தமாகவே சொன்னாள். வீட்டுக்குள் போகத் திரும்பிய புவனேஸ்வரி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். அவளுக்கு ஒரே மகன். அவன் தூணில் சாய்ந்து, அழுகையை நிறுத்திவிட்டு, குணசுந்தரியின் மடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தணிகாசலம் வெங்கடேசனின் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப் போனார். அவர் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசியது பாதி பந்தலுக்குக் கேட்டது. "கல்யாணமாயி பன்னெண்டு வருஷம் ஆச்சு. ஏழு வருஷத்துக்குள்ளன்னாத்தான் ஆர்.டி.ஓ. விசாரணைக்கு வருவாரு. இதுல ஒண்ணும் நிக்காது. பொம்பளைக்குச் சொல்லு." சாவு வீட்டில் யாருக்கும் தோன்றாத சட்டம் அவர் வாயில் தயாராக இருந்தது.

வெங்கடேசன் வந்து அவள் பக்கத்தில் குனிந்தான். "குணா. இன்னா இது? குடுத்துடு."

"கழுத்தப் பாத்தியா நீ?"

அவன் கவரின் ஓரத்தைத் தொட்டான்.

"மாலைய இறக்கிப் பாரு. பாத்துட்டு வந்து கேளு, குடுக்கறேன்."

"போனவ போயிட்டா. கொழந்த கீது. அவன் ஜெயிலுக்குப் போயிட்டா கொழந்தைக்கு யாரு?" கெட்டவன் இல்லை வெங்கடேசன். ஊரோடு ஒத்துப் போய்த்தான் பழக்கம்.

"நாம இல்ல?" என்றாள்.

அவன் நிமிர்ந்து ஐஸ் பெட்டியைப் பார்த்தான். இரண்டடி எடுத்து வைத்தான். பெட்டி இன்னும் மூடாமல்தான் இருந்தது. கையை நீட்டி மாலையை விரல் நுனியால் இறக்கினான். மாலையைத் திரும்ப ஏற்றாமல், அப்படியே நின்றான்.

தணிகாசலம் கடைசியாகப் பெரியவரிடம் போனார். "சம்பந்தி, நீங்க பெரியவரு. உங்க கையால வாங்கிக் குடுங்க. உங்க மருமவ, நீங்க சொன்னாத்தான் கேக்கும்."

ரங்கசாமி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஆண்கள் பக்கத்திலிருந்து பெண்கள் பக்கத்துக்கு நடந்து வந்தார். பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். இந்தப் பதினைந்து வருஷத்தில் மாமனாரை எதிர்த்து ஒரு சொல் குணசுந்தரி பேசியதில்லை. அவர் கை நீட்டினால் என்ன செய்வதென்று தெரியவில்லை. கவரை இறுக்கிப் பிடித்தாள்.

அவர் கை நீட்டவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு, முனகியபடி, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். சாவு வீட்டில் பெண்கள் நடுவில் எந்த ஆணும் அப்படி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. தலையில் இருந்த துண்டை எடுத்து, புடவைக் கவரின்மேல் விரித்து மூடினார்.

"அது எங்க ஊட்டுப் பொடவ" என்றார். காலையிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அதற்குப் பிறகு யாரும் வந்து கேட்கவில்லை. மேளக்காரர்கள் பீடி பற்றவைக்கப் போனார்கள். மழை தூறத் தொடங்கி, பந்தல் துணியில் தண்ணீர் தேங்கி, ஓரமாக ஒழுகியது. தணிகாசலம் இரண்டு போனையும் மாற்றி மாற்றிக் காதில் வைத்தார். முதலில் சரி சரி என்றவர்கள், போகப் போகக் கைவிரித்திருக்க வேண்டும். ஜீப் வந்தபோது அவர் முகம் வெளுத்துத்தான் இருந்தது.

இறங்கியவர் ஒரு பெண் எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியருகில் குனிந்து நின்று பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"பாடி திருவள்ளூர் ஜி.ஹெச்.சுக்குப் போவணும். கம்ப்ளைன்ட் யாரு குடுக்கறது?"

குணசுந்தரி எழுந்திருக்கப் பார்த்தாள். கால் மரத்துப் போயிருந்தது.

"நான்தான் அவ அண்ணன்" என்றான் வெங்கடேசன். இன்னும் பெட்டியருகில்தான் நின்றிருந்தான். "நான் குடுக்கறேன்."

"மச்சான்" என்றான் மதிவாணன். வெங்கடேசன் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போதுதான் இளமதி எங்கிருந்தோ வந்தாள். வினோதாவின் மகள். பதினோரு வயது. காலையிலிருந்து பக்கத்து வீட்டில் உட்கார வைத்திருந்தார்களாம். பள்ளிக்கூட ஸ்வெட்டர் போட்டிருந்தாள், தோளில் பள்ளிக்கூடப் பை. குணசுந்தரியின் முந்தானையைப் பிடித்தாள்.

"அத்த, நானும் உங்க வண்டில வரட்டா?"

"வா கண்ணு. பை எதுக்கு? குடு, நான் தூக்கிக்கறேன்."

பை கனக்கவில்லை. தொட்டால் மெத்தென்று இருந்தது. உள்ளே புத்தகம் ஒன்றும் இல்லை, எல்லாம் மடித்து வைத்த துணி. இன்றைக்கு மடித்த மடிப்பாகத் தெரியவில்லை. அம்மாவும் மகளுமாகச் சேர்ந்து எப்போதோ கட்டி வைத்த பை. குணசுந்தரிக்கு அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் உடைந்தது. நடுத்தெருவில் நின்று, குழந்தையை இறுக்கிக்கொண்டு, வாய்விட்டு அழுதாள்.

டாக்டர் மறுநாள்தான் அறுப்பார் என்று சொல்லிவிட்டார்கள். பிணவறைக்கு வெளியே சிமெண்ட் பெஞ்சில் எல்லோரும் உட்கார்ந்தும் சாய்ந்தும் கிடந்தார்கள். இளமதி மட்டும் கண்ணை மூடவில்லை. யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் நிமிர்ந்து பார்த்தாள். குணசுந்தரி அவளிடம் எதையும் கேட்கவில்லை. எஸ்.ஐ. அம்மா கேட்பார்கள், அப்போது சொன்னால் போதும். விடிந்து, வெளிச்சம் வந்து, பக்கத்துக் கடையில் நாஷ்டாவுக்கு இட்லித் தட்டு வைக்கிற சத்தமெல்லாம் கேட்ட பிறகுதான் இளமதிக்குத் தூக்கம் வந்தது. பெஞ்சில் சுருண்டு, கைக்கு எது கிடைத்ததோ அதைத் தலைக்கு வைத்துக்கொண்டாள். கிடைத்தது கோடிப் புடவைக் கவர்.

சாவுத் துணி உயிருள்ளவர்கள்மேல் படக்கூடாது. ரங்கசாமி பார்த்தார். குணசுந்தரியும் பார்த்தாள். இருவருமே அதை உருவவில்லை. மழை விட்டிருந்தது. அவர் டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனார். வெங்கடேசன் ஸ்டேஷனிலிருந்து இன்னும் வரவில்லை. இரவெல்லாம் போன்மேல் போனாக வந்தும், கம்ப்ளைன்ட்டை அவன் திரும்ப வாங்கவில்லை என்று மட்டும் தெரியும்.

டாக்டர் வந்து உள்ளே போய், வெயில் ஏறிய பிறகு பிணவறைக் கதவு திறந்தது. கையுறையைக் கழற்றியபடி ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"வினோதாவோட ஆளுங்க யாரு? முடிஞ்சிடுச்சு. துணி குடுங்க, கட்டணும்."

"தோ" என்றவள், பெஞ்சைப் பார்த்துவிட்டு நின்றாள். இளமதி வாயை லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். "ரெண்டு நிமிஷம் இருங்கண்ணா."

அவரும் பெஞ்சைப் பார்த்தார். கதவில் சாய்ந்து நின்றுகொண்டார்.

குணசுந்தரி ரங்கசாமியின் துண்டை நாலாக மடித்தாள். ஒரு கையைக் குழந்தையின் கழுத்துக்கு அடியில் கொடுத்து, தலையை மெல்லத் தூக்கி, கவரை உருவிவிட்டுத் துண்டை வைத்தாள். இளமதி கண்ணைத் திறக்காமலே முனகினாள்.

"அத்த, விடிஞ்சிடுச்சா?"

வராந்தா முழுக்க வெயில் விழுந்திருந்தது.

"இன்னும் இல்ல கண்ணு. தூங்கு."

மூச்சு மறுபடி சீராகிறவரை தலைமேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள். கவரில், கன்னம் அழுந்திய இடம் இன்னும் சூடாக இருந்தது. அது ஆறுவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும் என்று வேகமாக நடந்தாள்.